கண்ணாடியின் மறுமுனை

சலூன்காரரின் புதுக் கடைக்காக வெட்டிய சுவரகலக் கண்ணாடியைப் பிரேம்காரர் அந்தக் கடையின் வாசற்படியிலேயே போட்டு உடைத்தார். உடைத்ததுகூடப் பெரிதில்லை, கண்ணாடித் தொழிலில் உடைக்காத கை எது? உடைத்த நேரத்தில் அவர் ஜோக் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதுதான் கேவலம்.

பெரிய கண்ணாடியைத் தூக்கும் இரண்டு பேருக்கும் நடுவே ஒரே ஒரு சொல்தான் செல்லும்: 'வை.' கை வழுக்கினாலும், மூச்சு முட்டினாலும், மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தாலும் அந்த ஒரு சொல் போதும். மறுமுனையில் இருப்பவர் ஏன், எதற்கு என்று கேட்காமல் மெதுவாகத் தரையில் இறக்கிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் பிரேம்காரர்தான் இதை மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து கடைக்கு வந்த பெரிய கண்ணாடி எதுவானாலும் ஒரு முனை அவர், மறுமுனை அவள். அவள் எத்தனையோ தடவை 'வை' சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. படத்துக்குச் சட்டம் போட வருகிறவர்களிடமெல்லாம் இதை ஏதோ விருது வாங்கியதுபோலச் சொல்லிக்கொள்வார்.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னால் மனைவி படியேறிவிட்டாள். கண்ணாடியின் பாரம் பின்முனைக்குச் சாய்ந்தது. பிரேம்காரரின் முழங்கால் இரண்டும் அவருக்குச் சம்பந்தமில்லாத வேறு யாருடையவோ போல ஆயின. காலையிலிருந்தே அப்படித்தான்; இடுப்பில் ஈரமணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. 'வை' என்று வாய் வரை வந்தது. விருது ஞாபகமும் கூடவே வந்தது. எனவே 'வை'யை விழுங்கிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற சலூன்காரரிடம் வாயைக் கொடுத்தார்.

"தம்பி, இவ்ளோ பெரிய கண்ணாடி மாட்டறியே, நீ முடி வெட்டற லட்சணம் முழுசா தெரிஞ்சிடுமே. யோசிச்சியா?"

சலூன்காரர் சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் கண்ணாடி முடிந்துபோயிற்று.

விழுகிற கண்ணாடியைப் பிடிக்கக் கூடாது என்பதும் தொழிலில் பாடம். மனைவி கையை விட்டுப் பின்னால் தாவிவிட்டாள். ஆனாலும் ஒரு சில்லு பாய்ந்து அவள் செருப்பு வாரை அறுத்துக்கொண்டு போயிருந்தது. காலில் கீறல்கூட இல்லை. அவள் குனிந்து வாரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு சலூன்காரரிடம் விளக்குமாறு கேட்டாள். சில்லுகளைக் கூட்டி அள்ளினாள். அறுந்த வாரைச் சட்டம் கட்டும் சணலால் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

பிரேம்காரர் பின்னால் நடந்தார். திட்டினால் பதிலுக்குச் சொல்ல மூன்று நான்கு நல்ல ஜோக்குகள் தயாராக வைத்திருந்தார். அவள் திட்டவில்லை.

மறுநாள் கடை திறந்தபோது அவளுடைய தம்பி வாசலில் நின்றிருந்தான், பெரிய பூட்ஸ் மாட்டிக்கொண்டு.

"வா மாப்ளே. என்ன விசேஷம், போருக்குப் போறியா?"

"அக்கா வரச் சொன்னா மாமா. இனிமே பெரிய கண்ணாடியெல்லாம் அக்காகூட நான் பிடிக்கணுமாம்."

"அப்ப நான்?"

"நீங்க கதவைப் பிடிக்கணுமாம்."

பிரேம்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் சட்டத்துக்கு ஆணி எண்ணுவதுபோல டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

"ஏம்மா, நான் போட்டுடுவேன்னு பயப்படறியா?"

"தண்ணி குடிங்க. வெயிலா இருக்கு."

இதுதான் அவள் பதில். அவருக்கு மற்றவர்களிடமும் நேரான பதில் கிடைத்ததில்லை. அதற்குக் காரணம் அவருக்கே ஓரளவு தெரியும். வாழ்க்கையில் யாருக்கும் அவர் நேரான பதில் கொடுத்ததில்லை. 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டால் 'இருக்கேன்ல, அதுவே விசேஷம்' என்பார். சர்க்கரை வியாதி வந்தபோது, 'இவ்ளோ நாள் வாய் மட்டும் இனிப்பா இருந்துச்சு, இப்ப ரத்தமும்' என்றார். மாத்திரை போதாமல் இன்சுலின் பேனாவைக் கையில் கொடுத்தபோது, 'படிக்காத குறைக்கு வயித்துல எழுதிக்கறேன்' என்றார். தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன் ஒரு ஊசி. நாள் முழுக்கவும் இரவு முழுக்கவும் மெல்ல மெல்ல வேலை செய்கிற மருந்து. போட ஆரம்பித்த புதிதில் உடம்பு நன்றாகத்தான் இருந்தது. சில மாதங்களாகத்தான் இந்த மணல் மூட்டை.

மத்தியானம் ஆனால் சட்டக் கட்டைகளுக்குப் பின்னால் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்துவிடுவார். யாராவது வந்தால் 'கீழ ஆணி விழுந்துச்சு, தேடறேன்' என்று குரல் மட்டும் வரும். ஒரு அம்மாள் தன் பேரன் படத்தை வாங்க வந்து, "இந்தக் கடையில எப்ப வந்தாலும் ஆணி தொலைஞ்சே போயிருக்கு" என்று நொந்துகொண்டு போனாள். எழுந்ததும், 'சுகர் இறங்கிடுச்சுபோல' என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் கைநிறைய பிஸ்கட்டும் சாப்பிடுவார். விரலைக் குத்திப் பார்க்கும் மெஷின் மேசை இழுப்பறையில் தூசி படிந்து கிடந்தது. டீ குடித்தபின் சோர்வு இன்னும் கூடும். 'பாத்தியா, ரொம்பவே இறங்கியிருக்கு' என்று இன்னொரு டீ சொல்வார்.

மச்சானுக்கு வேறு கருத்து இருந்தது. அவனுக்கு எல்லாவற்றிலும் கருத்து உண்டு. வேலைக்கு வருவதில் மட்டும்தான் உறுதி கிடையாது. ஒருநாள் வருவான், ஒருநாள் வரமாட்டான்.

"மாமா, உங்களை அடிச்சுப் போடறதே அந்த ஊசிதான். பேசாம விட்டுத் தொலைங்க. எங்க வீட்டு ஓனர் ஊசியை விட்டுட்டு இப்ப மாடி மாடியா ஏறுறார்."

"அவர் லிஃப்ட்ல போறாரா, நடந்து போறாரா, நல்லாப் பாத்தியா?"

ஜோக் அடித்தாரே தவிர, பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் காலையில் பேனாவைத் தொடவில்லை. மூன்றாவது நாள் நாக்கு அட்டையாக ஒட்டிக்கொண்டது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். கழிவறைக்கும் கடைக்குமாக நடந்தே பாதி நாள் போனது. சின்ன ஜன்னல் கண்ணாடி ஒன்றை வெட்டும்போது கோடு இரண்டாகத் தெரிந்தது. எந்தக் கோட்டில் வெட்டுவது என்று தெரியாமல் அவர் நின்றதை மனைவி பார்த்துவிட்டாள். பேனாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து உள்ளே மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். மருந்து குறையவே இல்லை, அவள் முகத்தில் இருந்த தெம்புதான் குறைந்தது.

"சட்டையை மாத்துங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"கடை?"

"கடைக்கு சுகர் இல்ல. அது இருக்கும்."

ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்களுக்கென்று ஒரு தனி அறை. தலைக்குமேல் மின்விசிறி சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. பெஞ்சில் காத்திருந்த நேரத்தில் மனைவி ஒன்று கேட்டாள்.

"ஒரு விஷயம் கேக்கறேன். கண்ணால பாத்து, குத்துமதிப்பா கண்ணாடி வெட்டுவீங்களா?"

"என்ன பேச்சு பேசற? டேப் வைக்காம கட்டரையே தொடமாட்டேன்."

"அப்ப சுகர் இறங்கிடுச்சுன்னு எதை வச்சு அளந்தீங்க? டீ கிளாஸை வச்சா?"

அவர் எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

நர்ஸம்மா கண்டிப்பான ஆள். விரலைக் குத்தி எண்ணைப் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தார். விட்டுப்போன ஊசியையும், டீ பிஸ்கட் வைத்தியத்தையும் மனைவியிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். கேட்கக் கேட்கப் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"சோர்வுன்னா உடனே இறங்கிடுச்சுன்னு அர்த்தமாய்யா? ஏறினாலும் சோர்வுதான். பாக்காம எப்படித் தெரியும்? சரி, ஊசி எங்க போடறீங்க, காட்டுங்க."

பிரேம்காரர் பெருமையோடு சட்டையைத் தூக்கி, தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இதோ, இதே இடம்தான் சிஸ்டர். என்னைக்கும் மாத்தினது இல்ல. சொன்ன பேச்சு கேக்கும். வலிக்கவே வலிக்காது."

நர்ஸம்மா விரலால் அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். "அம்மா, நீங்க இங்க வாங்க. கையை வச்சுப் பாருங்க."

மனைவி கை வைத்தாள். தோலுக்கடியில் எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி ஒன்று கல்லாக இருந்தது.

"ஏன் வேற எங்கயும் போடல?" என்றார் நர்ஸம்மா.

"தொழில் அப்படி சிஸ்டர். கண்ணாடி வெட்டும்போது மேசை விளிம்புல வயித்தைச் சாச்சுதான் நிக்கணும். வலப்பக்கம் போட்டா, போட்ட இடத்துல விளிம்பு குத்தும். தொடையில போடலாம்னா, சின்ன கண்ணாடியை விளிம்பு தேய்க்கறப்ப அங்கதான் வச்சுக்குவேன். மேசை படாத இடம் இது ஒண்ணுதான்."

"ஒரே இடத்துல குத்திக் குத்தி அங்க கட்டியாயிடுச்சு. அதான் வலிக்கல. மருந்து உள்ள போய் அந்தக் கட்டியில மாட்டிக்குது. ஒருநாள் வேலைக்கு வரும், ஒருநாள் வராது."

"என் மச்சான் மாதிரின்னு சொல்லுங்க."

மனைவி சட்டென்று சிரித்துவிட்டாள். கண்ணாடி உடைந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். பிரேம்காரருக்கு அந்த வாரமே லேசாயிற்று.

நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இனிமே அந்தக் கட்டிப் பக்கம் ஊசி போகவே கூடாது. தினமும் இடம் மாத்தணும். புது இடத்துல மருந்து முழுசா வேலை செய்யும், அதனால பழைய அளவே போட்டா ரொம்ப இறங்கிடும். டாக்டர் அளவைக் குறைச்சுத் தருவார். கொஞ்ச நாளைக்கு அடிக்கடி குத்திப் பாக்கணும். சோர்வுக்கு வேற காரணமும் இருக்கலாம், ரத்தம் எடுக்கறோம். நீங்களா ஊசியை நிறுத்தற வேலை வச்சுக்காதீங்க."

"எல்லாம் சரி சிஸ்டர். நேரா ஒண்ணு சொல்லுங்க. நான் மறுபடி கண்ணாடி தூக்கலாமா?"

"டாக்டரைக் கேளுங்க."

டாக்டரைக் கேட்டார். டாக்டர் அளவைக் குறைத்து எழுதிக்கொண்டே, "பாக்கலாம், உடம்பு என்ன சொல்லுதுன்னு" என்றார். இவரும் நம்ம ஜாதி ஆள்தான், நேராகச் சொல்லமாட்டார் என்று பிரேம்காரர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மனைவி கடைக்குள் நுழைந்ததும் கண்ணாடியில் அடையாளம் போடும் மெழுகுப் பென்சிலை எடுத்தாள்.

"சட்டையைத் தூக்குங்க."

"எதுக்கு?"

"அளவு போட."

வயிற்றை இருபக்கமும் கட்டம் கட்டமாகப் பிரித்தாள். கட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதன் குறுக்கே உடைந்த கண்ணாடிக்குப் போடுவதுபோல ஒரு பெருக்கல் குறி. "இன்னைக்கு இந்தக் கட்டம். நாளைக்கு அடுத்தது. மேசை விளிம்புக்கு நான் வழி பண்றேன்." பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி, உள்ளே பஞ்சு திணித்து, மேசை விளிம்பு நெடுக ஆணி அடித்து மெத்தைபோல ஆக்கிவிட்டாள். இத்தனை வருஷம் அந்த விளிம்பு குத்தியபோது இதை ஏன் யாரும் செய்துதரவில்லை என்று அவர் யோசித்தார். குத்துகிறது என்று அவர் ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை, அதனால்தான்.

புது இடம் வலித்தது. வலித்ததென்று சொன்னார். சொல்வது ஊசியைவிடக் கஷ்டமாக இருந்தது.

முதல் வாரமே ஒருநாள் மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போய், கை நடுங்கி, கழுத்தில் வேர்வை குளிர்ந்தது. டீக்குக் குரல் கொடுக்க வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டு இழுப்பறையைத் திறந்தார். மெஷினில் எண் நிஜமாகவே கீழே இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு, கட்டரை மேசையில் வைத்துவிட்டு, மறுபடி குத்திப் பார்க்கும்வரை கையைக் கட்டி உட்கார்ந்தார். ஏறியது. பிறகு சாப்பிட்டார். இன்னொரு நாள் அதே மாதிரி அசதி. ஆனால் எண் மேலே இருந்தது. அன்று பிஸ்கட் இல்லை. தண்ணீரும் தெருமுனை வரை ஒரு நடையும்தான். இரண்டு அசதியும் உள்ளேயிருந்து பார்க்க ஒரே முகமாக இருந்ததுதான் அவருக்கு ஆச்சரியம்.

ரத்தத்தில் வேறு கோளாறு எதுவும் இல்லை என்று தகவல் வந்தது. எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்குக்கு வந்தன. மணல் மூட்டை முழுசாக அவிழவில்லை. ஆனால் காலையில் அது இல்லை, சாப்பாட்டுக்குப் பிறகுதான் எட்டிப் பார்த்தது. பெரிய வெட்டு வேலையெல்லாம் காலைக்கு மாறியது. மத்தியானம் அட்டைப்பெட்டியில் ஒளியாமல், கடை வாசலிலேயே நாற்காலி போட்டுக் கண்ணை மூடினார். பேரன் படத்து அம்மாள் அந்தப் பக்கம் வந்து, "என்னப்பா, ஆணி கிடைச்சிடுச்சா?" என்றாள்.

"கிடைச்சிடுச்சும்மா. இது சும்மா அசதி."

அந்த அம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "உக்காருப்பா, நான் அப்புறம் வர்றேன்" என்று போய்விட்டாள். இவ்வளவுதானா என்று அவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இதற்கிடையே சலூன்காரர் கண்ணாடி இல்லாமலே கடையைத் திறந்துவிட்டார். நாற்காலியில் உட்காருகிறவர்கள் எதிரே வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு தலையைக் கொடுத்தார்கள். 'எப்படி இருக்கு?' என்று அவர்கள் கேட்பதும், 'பிரமாதம்' என்று அவர் சொல்வதுமாகப் போயிற்று. வீட்டுக்குப் போய்ப் பார்த்த இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அதற்குமேல் தாங்காது என்று அவரே பிரேம்கடைக்கு வந்து நின்றார்.

"அண்ணே, புதுசு வந்துடுச்சாமே. நாளைக்காவது மாட்டித் தாங்க. பொய் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

"மாட்டிடலாம் தம்பி. யார் தூக்கணும்ங்கற? நானா, என் மச்சானா?"

சலூன்காரர் மனைவியம்மாவைப் பார்த்தார், பிரேம்காரரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "உங்க அனுபவத்துக்கு நான் என்ன சொல்றதுண்ணே" என்றார்.

மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. மச்சான் வரவில்லை. மழையாம், வெயிலடித்தபோதும் அவன் வராத நாட்கள் உண்டு என்பதால் யாரும் அதிர்ச்சியடையவில்லை. மழை கொஞ்சம் விட்டதும் தள்ளுவண்டியில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு கணவனும் மனைவியுமாகச் சலூன் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். வண்டியை நிறுத்தியபோதுதான் அவள் காலைக் கவனித்தார். தம்பி கடையில் போட்டுவிட்டுப் போன பெரிய பூட்ஸை மாட்டியிருந்தாள். உள்ளே துணி அடைத்தும் நடக்கும்போது டொப் டொப்பென்றது.

"ஷூ எதுக்கும்மா?"

"மழைக்கு."

"ஏம்மா, பயமா இருக்கா?"

"கையில ரப்பரைப் போடுங்க. ஈரம் வழுக்கும்."

சலூன் பெஞ்சில் உட்கார்ந்து விரலைக் குத்தி எண்ணைப் பார்த்தார். சரியாக இருந்தது. அவளிடமும் காட்டினார். பிடி வழுக்காமலிருக்க இருவரும் உள்ளங்கைகளில் ரப்பர்த் துண்டுகளை மாட்டிக்கொண்டார்கள். சலூன்காரர் கதவைப் பிடித்துக்கொண்டார். முன்னெச்சரிக்கையாக வாயை இறுக்க மூடிக்கொண்டார்.

தூக்கினார்கள். முன்முனை அவள், பின்முனை அவர். கண்ணாடியில் சாம்பல் வானமும், எதிர்க்கடைப் பலகையும், ஈரத் தெருவும் நகர்ந்தன. படி வந்தது. பூட்ஸ் டொப்பென்று மேலே ஏறியது. பாரம் பின்னுக்குச் சாய்ந்தது. பிரேம்காரர் ஏறினார், ஏறிவிட்டார். கதவைத் தாண்டி உள்ளே இரண்டெட்டு வைத்ததும் அந்த முழங்கால்கள் மறுபடி வேறு யாருடையவோ ஆகப் பார்த்தன. கொஞ்சம்தான். சமாளித்துவிடலாம். சுவர் இதோ இருக்கிறது. வாய்க்குள் ஒரு ஜோக்கும் வந்து நின்றது, நல்ல ஜோக்.

"வை" என்றார்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே மூச்சாகக் குனிந்தார்கள். விரித்து வைத்திருந்த சாக்கின்மேல் கண்ணாடியின் விளிம்பு சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அவள் அதைச் சலூன் நாற்காலிமேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே!" சலூன்காரருக்குக் குரல் கீச்சென்றது. "சுகரா? தண்ணி வேணுமா? டாக்டரைக் கூப்பிடவா?"

"இருப்பா. இப்பதான பாத்தேன், இன்னொரு தடவையும் பாத்துடறேன்." பார்த்தார். "சுகர் சரியாத்தான் இருக்கு. இது வெறும் அசதி. கால் சொல்லுது, நான் கேக்கறேன். அவ்ளோதான்."

இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். வெளியே கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே சாய்ந்திருந்த கண்ணாடியில், நெற்றி வேர்த்த ஒரு ஆளும், பெரிய பூட்ஸ் போட்ட ஒரு பெண்ணும் பக்கத்தில் தெரிந்தார்கள். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக இல்லை, கண்ணாடி வழியாக. கண் கலங்கியிருந்ததோ, கண்ணாடியில் ஈரமோ, தெரியவில்லை.

மூச்சு தன் இடத்துக்கு வந்தது. கால்களும் திரும்ப அவருடையவை ஆயின. எழுந்து, ரப்பர்த் துண்டைச் சரிசெய்துகொண்டு, பின்முனைக்குப் போய் நின்றார். தொடவில்லை.

"நேரா ஒண்ணு கேக்கறேன். தண்ணி குடி, ரப்பரைப் போடுன்னு சொல்லாத. நான் போட்டுடுவேன்னு பயமா இருக்கா?"

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இருந்துச்சு. அதுக்குத்தான் ஷூ போட்டுட்டு வந்தேன். மழைக்கெல்லாம் இல்ல. நீங்க வாய்க்குள்ளயே வச்சுக்குவீங்க, என் கால்ல போட்டுடுவீங்கன்னு படியேறற வரைக்கும் பயந்தேன்." குனிந்து தன் முனையைப் பிடித்தாள். "இப்ப நீங்க சொல்லிட்டீங்க. இப்ப இல்ல. தூக்குங்க."